வாசகர் கேள்வி பதில்: குரூடனும் அவரோட கன்கார்டன்ஸும்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல "இதுக்கு குரூடன் கன்கார்டன்ஸ் எடுத்துப் பாருங்க"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன், அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீங்கன்னு நினைக்கவே இல்ல. ரொம்ப சந்தோஷம். அதனால இந்த இதழ் முழுக்க இங்கிலீஷ் பைபிளுக்கு வந்த அந்தப் புத்தகமும் அதைத் தொகுத்த அலெக்ஸாண்டர் குரூடன்ங்கற மனுஷனும் தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: கன்கார்டன்ஸ்னா என்ன சார்? பைபிள் டிக்ஷனரியும் அதுவும் ஒண்ணு தானா?

பதில்: இல்லீங்க, ரெண்டும் வேற. டிக்ஷனரில ஒரு வார்த்தைக்கு அர்த்தம் இருக்கும். கன்கார்டன்ஸ்ல ஒரு வார்த்தை பைபிள்ல எங்கெங்க வருதோ அந்த இடம் எல்லாம் வரிசையா இருக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துல அந்த வசனத்துலேர்ந்து நாலஞ்சு வார்த்தை துண்டா போட்டிருப்பாங்க. தமிழ்ல ஒத்தவாக்கிய அகராதின்னு சொல்றோமே அது தான் இது.

ஒரு உதாரணம் சொல்றேன். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்; நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்"னு ஒரு வசனம் உங்களுக்கு மனசுல ஓடுது, ஆனா மத்தேயுவா லூக்காவா, எந்த அதிகாரம், ஒண்ணும் ஞாபகம் இல்ல. இங்கிலீஷ் கன்கார்டன்ஸ்ல இதைத் தேடணும்னா அந்த வசனத்துல இருக்கற எந்த முக்கியமான வார்த்தைலேர்ந்தும் தேடலாம், லேபர்னு போகலாம், ஹெவின்னு போகலாம், ரெஸ்ட்னு போகலாம், எல்லா வழியும் மத்தேயு 11:28க்கு தான் கொண்டு வந்து விடும். ஆனா பழகினவங்க என்ன பண்ணுவாங்கன்னா அந்த வசனத்துலயே அபூர்வமான வார்த்தை எதுவோ அதை எடுத்துப்பாங்க. "கம்"னு தேடினா பக்கம் பக்கமா போயிட்டே இருக்கும், "லேடன்"னு (பாரஞ்சுமக்கிறங்கற வார்த்தை) தேடினா சில வரிலயே ஆள் மாட்டிடும். இந்தப் பழக்கம் வந்துட்டா எந்த வசனத்தையும் ஒரு நிமிஷத்துல புடிச்சிடலாம்.

குரூடன் புத்தகத்துல இன்னொரு விஷயம் கவனிங்க, தலைப்பா இருக்கற வார்த்தையை கீழ ஒவ்வொரு வரிலயும் முழுசா திரும்ப அடிக்க மாட்டாரு, அதோட முதல் எழுத்து மட்டும் போட்டு ஒரு புள்ளி. மிச்சமான இடத்துல வசனத்தோட வார்த்தை ஒண்ணு ரெண்டு கூடுதலா கொடுக்க முடியுது இல்லையா, அந்த ஒண்ணு ரெண்டு வார்த்தைல தான் "ஆங், இந்த வசனம் தான்"னு நமக்கு அடையாளம் தெரியுது.

கேள்வி: பைபிளுக்கு முதன்முதல்ல இப்படி ஒரு புத்தகம் போட்டது குரூடன் தானா?

பதில்: இல்ல, அவருக்கு 500 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்ச வேலை இது. 13ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல செயின்ட் ஷேர் ஹியூன்னு ஒரு டொமினிக்கன் துறவி, பின்னாடி கர்தினால் ஆனவர், அவர் தலைமைல லத்தீன் பைபிளுக்கு முதல் கன்கார்டன்ஸ் தயாராச்சு. 500 துறவிங்க உட்கார்ந்து வேலை பார்த்தாங்கன்னு ஒரு வழிவழிக் கதை உண்டு. அப்ப வசன எண்ணே கிடையாது, அதிகாரம் மட்டும் தான், அதனால ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு பாகமா பிரிச்சு ஏ பி சின்னு ஜி வரைக்கும் எழுத்து கொடுத்து, இந்த வார்த்தை இந்த அதிகாரத்துல இந்த எழுத்துக்கிட்ட இருக்குன்னு குறிச்சாங்க. ஆனா அதுல இடம் மட்டும் தான் இருந்துச்சு, வசனத் துண்டு கிடையாது, ஒவ்வொண்ணையும் புரட்டிப் போய் தான் பார்க்கணும். அப்புறம் வந்த இங்கிலீஷ் டொமினிக்கன்கள் தான் துண்டு வாக்கியம் சேர்த்தாங்க.

அடுத்து எபிரெய பைபிளுக்கு ஐசக் நாதன்னு தெற்கு பிரான்ஸ்ல இருந்த ஒரு யூத அறிஞர் 15ஆம் நூற்றாண்டுல தொகுத்தார். கிறிஸ்தவங்களோட வாதம் நடக்கும்போது வேத வசனத்தை சட்டுனு எடுத்துக் காட்டணும், அதுக்காக. அது 1523ல வெனிஸ்ல டேனியல் போம்பெர்க் அச்சுக்கூடத்துல அச்சாச்சு.

ஆனா எனக்கு மனசுல நிக்கறது ஜான் மார்பெக் தான். வின்ட்சர்ல அரச கோயில்ல ஆர்கன் வாசிச்சவர். பெரிய படிப்பு இல்ல, காசும் இல்ல. இங்கிலீஷ் பைபிள் அப்பதான் அச்சாகி வருது, வாங்க வசதி இல்லாததால கடன் வாங்கி கையாலயே எழுதி எடுக்க ஆரம்பிச்சார், அப்போ ஒரு நண்பர் இதை விட கன்கார்டன்ஸ் ஒண்ணு போடேன்னு சொல்லியிருக்கார், அதைக் கேட்டு ஆரம்பிச்சவர் எல் எழுத்து வரைக்கும் வந்துட்டார். 1543ல வீட்டை சோதனை போட்டாங்க, மதத்துக்கு விரோதமான எழுத்துகள் வெச்சிருந்தார்னு கைது பண்ணி அந்தக் காகிதங்களையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. விசாரிச்சவங்களுக்கு நம்பிக்கையே வரல, லத்தீன் தெரியாத ஒரு ஆர்கன்காரர் தனியா இதை எப்படி செஞ்சிருக்க முடியும், பின்னாடி யாரோ இருக்காங்கன்னு சந்தேகம். அதனால எம் எழுத்துல சில வார்த்தைகளைக் கொடுத்து, ஒரு பைபிளும் காகிதமும் கொடுத்து, எங்க செய் பார்ப்போம்னு உட்கார வெச்சாங்க. செஞ்சு காட்டினார். அவரோட சேர்த்து நாலு பேருக்கு எரிச்சுக் கொல்லணும்னு தீர்ப்பு, மூணு பேரை எரிச்சுட்டாங்க, மார்பெக்குக்கு மட்டும் மன்னிப்பு கிடைச்சது. வெளிய வந்து முதல்லேர்ந்து திரும்ப ஆரம்பிச்சார். 1550ல ரிச்சர்ட் கிராஃப்டன் அதை அச்சுல கொண்டு வந்தார், முழு இங்கிலீஷ் பைபிளுக்கும் வந்த முதல் கன்கார்டன்ஸ் அது தான். அதுலயும் வசன எண் கிடையாது. இன்னிக்கு நாம சொல்ற அதிகாரம் வசனம் கணக்குல புதிய ஏற்பாட்டுக்கு ராபர்ட் எஸ்தியன் எண் போட்டதே 1551ல தான், அதாவது மார்பெக் புத்தகம் வந்து மறு வருஷம்! அந்த எண் முன்னாடியே இருந்திருந்தா அவர் வேலை எவ்வளவு லேசா போயிருக்கும்.

குரூடன் தன்னோட முன்னுரைல இந்தப் பழைய ஆளுங்களை எல்லாம் பேர் சொல்லி எழுதியிருக்கார், நான் தான் முதல்னு அவர் சொல்லிக்கவே இல்ல.

கேள்வி: குரூடன் யாரு? பாதிரியாரா? பேராசிரியரா?

பதில்: ரெண்டும் இல்ல. ஸ்காட்லாந்துல அபெர்டீன் ஊர், 1699ல பிறந்தவர், அப்பா வியாபாரி, வீட்ல ரொம்ப கட்டுப்பாடான பிரெஸ்பிடேரியன் பக்தி. அங்கயே மாரிஷல் காலேஜ்ல படிச்சு பட்டம் வாங்கினார், போதகரா போகணும்னு தான் ஆசை, ஆனா வாழ்க்கை வேற பக்கம் திரும்பிடுச்சு (அதைக் கீழ சொல்றேன்). லண்டன் வந்து பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தார். அப்புறம் அச்சுக்கூடத்துல புரூஃப் திருத்தற வேலை. கிரேக்கம், லத்தீன் புத்தகங்களுக்கு எல்லாம் புரூஃப் பார்த்திருக்கார்.

நடுவுல 1729ல டெர்பி பிரபுவுக்கு பிரெஞ்சு புத்தகம் வாசிச்சுக் காட்டற வேலை கிடைச்சது. பிரெஞ்சு படிச்சா நல்லா புரியும், ஆனா புத்தகத்துலேர்ந்தே கத்துக்கிட்டதால உச்சரிக்க வராது. உடனே வேலை போச்சு. ரொம்ப அடிபட்டுப் போனார் மனுஷன்.

1732ல லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கிட்ட ஒரு புத்தகக் கடை வெச்சார், 1735ல கரோலின் ராணிக்கு புத்தக வியாபாரின்னு பட்டமும் கிடைச்சது. கடையைப் பார்த்துக்கிட்டே தான் கன்கார்டன்ஸ் வேலையும். 1737 நவம்பர் 3ஆம் தேதி புத்தகத்தை ராணி கைல கொடுத்தார், புத்தகமே ராணிக்குத் தான் சமர்ப்பணம், ராணியும் சந்தோஷமா வாங்கிக்கிட்டு உங்களை ஞாபகம் வெச்சுக்கறேன்னு சொன்னாங்க. அதே மாசம் 20ஆம் தேதி ராணி இறந்துட்டாங்க. வரவேண்டிய வெகுமதி வரல. கைல இருந்த காசெல்லாம் அச்சுச் செலவுல போயாச்சு, ஒரு காப்பி 18 ஷில்லிங், அன்னிக்கு அது சாதாரண ஆளுங்க வாங்கற விலை இல்ல. கடையை மூடிட்டார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், பதினேழு நாள் வித்தியாசம்ங்க.

கேள்வி: வெறும் எடுத்து எழுதற வேலை தானே? பைபிளைப் பார்த்துப் பார்த்து அடுக்கறதுல என்ன பெரிய அறிவு வேண்டியிருக்கு?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பினவர் கோவிச்சுக்கக் கூடாது, நிறைய பேர் இப்படித் தான் நினைக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அளவைப் பாருங்க. குரூடன் எடுத்துக்கிட்ட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கிங் ஜேம்ஸ் பைபிள், அதுல 1,189 அதிகாரம், 31,102 வசனம், கிட்டத்தட்ட 7 லட்சத்து 80 ஆயிரம் வார்த்தை. குரூடன் இதுலேர்ந்து 2 லட்சத்துக்கு மேல குறிப்பு எடுத்து அகர வரிசைல வெச்சார். ஹியூவுக்கு ஒரு மடமே இருந்துச்சு. குரூடனுக்கு உதவிக்கு ஒரு ஆள் கிடையாது.

இப்ப கேள்வி என்னன்னா 7 லட்சத்து 80 ஆயிரத்துலேர்ந்து எதை விடறது? "அண்ட்", "தி", "ஆஃப்" மாதிரி வார்த்தையை விட்டுடலாம், சரி. "கம்", "கோ", "சே" எல்லாம்? முழுசா போட்டா புத்தகம் ரொம்ப பெருத்துடும், முழுசா விட்டா ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கற ஒரே வார்த்தை அதுவா இருந்தா அவர் தேடவே முடியாது. அப்ப எந்தெந்த வசனத்துல மட்டும் அந்த வார்த்தைக்கு கனம் இருக்குன்னு ஒவ்வொண்ணா முடிவு பண்ணணும். அடுத்து, வசனத்துலேர்ந்து எந்த நாலு வார்த்தையைத் துண்டா எடுக்கறது? தப்பான துண்டை எடுத்தா படிக்கறவருக்கு அடையாளமே தெரியாது.

"ஃபியர்"ங்கற வார்த்தையை எடுத்துக்கங்க, பயம். குரூடன் முதல்ல பெயர்ச்சொல்லா வர்றதைத் தனியா, வினையா வர்றதைத் தனியா பிரிக்கறார். அதுக்குள்ள "கர்த்தருக்குப் பயப்படுதல்"னு வர்றது ஒரு கூட்டம், "பயப்படாதே"ன்னு வர்றது ஒரு கூட்டம், "பயமில்லாமல்"னு வர்றது இன்னொரு கூட்டம். ஒரு போதகர் பயப்படாதேங்கற வாக்குறுதியைப் பத்தி பிரசங்கம் பண்ணப் போறார்னா அவருக்கு வேண்டிய வசனம் எல்லாம் ஒரே இடத்துல வரிசையா நிக்குது. இப்படிப் பிரிக்கறதுக்கு பைபிள் முழுசும் மனசுக்குள்ள இருக்கணும், எந்த வசனம் எந்த அர்த்தத்துல பேசுதுன்னு தெரியணும். எழுதற வேலை இதுல கால் பங்கு தான், மீதி முக்கால் பங்கு தீர்மானம் பண்ற வேலை.

இது போதாதுன்னு முக்கியமான வார்த்தைகளுக்கு மேல அர்த்தம் சொல்லி குட்டிக் கட்டுரையே எழுதியிருக்கார். சினகாக், அதாவது ஜெப ஆலயம்ங்கற வார்த்தைக்குப் போய்ப் பாருங்க, அங்க வழிபாடு எப்படி நடக்கும், யார் பொறுப்புன்னு எல்லாம் விளக்கமா இருக்கும். ஆள் பேர், ஊர் பேருக்கெல்லாம் தனிப் பகுதி, தள்ளுபடி ஆகமங்களுக்கு (புராட்டஸ்டன்ட் பைபிள்ல வேதமா சேர்க்காத பழைய நூல்கள்) இன்னொரு பகுதி. பின்னாடி வந்த மலிவுப் பதிப்புகள் சிலதுல இந்தக் கட்டுரைகளை வெட்டிட்டாங்க, அது பெரிய நஷ்டம்னு தான் நான் சொல்லுவேன்.

கேள்வி: குரூடனை பைத்தியக்கார விடுதில அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு படிச்சேன். உண்மையா? அப்படின்னா அவர் புத்தகத்தை எப்படி நம்பறது?

பதில்: அடைச்சது உண்மை. ஒரு தடவை இல்ல, பல தடவை. ஆனா "அடைச்சாங்க"ங்கறதும் "பைத்தியம்"ங்கறதும் ஒண்ணு இல்ல, அதுலயும் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல சுத்தமா இல்ல. தயவுசெஞ்சு இதைப் பொறுமையா படிங்க.

முதல் தடவை அபெர்டீன்ல, இருபது வயசு சுமார். ஒரு பொண்ணை விரும்பினார், அந்தப் பக்கம் மறுத்துட்டாங்க, இவர் விடாம பின்னாடி போனார்னு ஊர் ஜெயில் கட்டடத்துல கொஞ்ச நாள் அடைச்சாங்க. அந்தக் குடும்பத்துல ஒரு ரகசியம் இருந்துச்சு, அது இவருக்குத் தெரிஞ்சதால தான் வாயை அடைச்சாங்கன்னு பின்னாடி வாழ்க்கை வரலாறு எழுதினவங்கள்ல வாதம் பண்றவங்க உண்டு. எப்படியோ, போதகர் ஆகற கனவு அதோட போச்சு.

ரெண்டாவது தான் கொடுமை. புத்தகம் வந்து, ராணி போய், கடை போய், சில மாசத்துல ஒரு விதவைப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்பட்டார். அங்க ராபர்ட் வைட்மேன்னு இன்னொருத்தர் குறுக்க வந்தார். 1738 மார்ச் 23ஆம் தேதி இந்த வைட்மேன் ஏற்பாட்டுல குரூடனை வண்டில ஏத்தி பெத்னல் கிரீன்ல ஒரு தனியார் விடுதில கொண்டு போய் விட்டாங்க. அங்க கட்டிலோட சங்கிலி போட்டுக் கட்டினாங்க. ஒன்பது வாரம் ஆறு நாள். கடைசில சாப்பாட்டுக் கத்தியை வெச்சே கட்டில் மரத்தை ரம்பம் மாதிரி அறுத்து அறுத்து, சங்கிலி காலோடயே மே 31ஆம் தேதி விடியக்காலைல சுவர் ஏறித் தப்பிச்சார். தப்பிச்சவர் ஓடி ஒளியல, நேரா லண்டன் மேயர்கிட்ட போய் முறையிட்டார். மறு வருஷம் நடந்ததை எல்லாம் தேதி வாரியா அச்சடிச்சு வெளியிட்டார், கேஸும் போட்டார், தோத்துட்டார்.

நான் கேக்கறேன், கத்தியால கட்டில் காலை அறுக்கற பொறுமையும், வெளிய வந்ததும் சட்டப்படி யார்கிட்ட போகணும்ங்கற தெளிவும், ஒவ்வொரு நாளும் என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வெக்கற ஒழுங்கும் இருக்கற ஆளை என்னன்னு சொல்வீங்க? அன்னிக்கு இங்கிலாந்துல தனியார் பைத்தியக்கார விடுதிங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமும் கிடையாது. ஒருத்தருக்கு ஒருத்தரைப் பிடிக்கலைன்னா, சொத்துத் தகராறுன்னா, பொண்டாட்டி தொல்லைன்னா, விடுதிக்காரருக்குக் காசு கொடுத்தா போதும். லைசென்ஸ் வேணும், டாக்டர் சான்று வேணும்னு சட்டம் வந்தது 1774ல, குரூடன் இறந்து நாலு வருஷம் கழிச்சு.

1753ல இன்னொரு தடவை, தெருச் சண்டை ஒண்ணுல இவர் புகுந்து விலக்கப் போய் கைகலப்பாகி, சொந்தத் தங்கச்சியே செல்சீல ஒரு விடுதில சேர்த்துட்டாங்க, சில நாள்ல வந்துட்டார். அதுக்கும் கேஸ் போட்டு அதுலயும் தோத்தார்.

அவர்கிட்ட வித்தியாசமே இல்லைன்னு நான் சொல்ல வரல. மனசுல ஒண்ணு பிடிச்சா விடமாட்டார், தன்னை ஊரோட ஒழுக்கத்தைத் திருத்த கடவுள் அனுப்பியிருக்கார்னு நம்பினார், பார்லிமென்ட் தேர்தல்ல நின்னார், சர் பட்டம் கேட்டு அரண்மனைக்கு நடையா நடந்தார். கூட இருந்தவங்களுக்கு கஷ்டமா தான் இருந்திருக்கும். ஆனா புத்தகத்தை நம்பலாமான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு பதில் புத்தகத்துக்குள்ளயே இருக்கு. எந்தப் பக்கத்தை வேணா திறங்க, ஒரு பத்து குறிப்பை பைபிளோட ஒப்பிட்டுப் பாருங்க. தலைமுறை தலைமுறையா போதகர்கள் அதை மேஜை மேல வெச்சு வேலை பார்த்திருக்காங்க, 1737லேர்ந்து அச்சுல நிக்காம வந்துக்கிட்டே இருக்கு. அந்தப் புத்தகத்தை தினமும் புரட்டறவங்களே ஆளைப் பத்திப் பேசும்போது "அவர் கொஞ்சம் லூசு"ன்னு ஒரே வார்த்தைல கடந்து போறதைக் கேட்டிருக்கேன், எனக்கு அது தாங்கவே முடியாது.

கேள்வி: அவருக்கு "கரெக்டர்"னு பேர் எப்படி வந்துச்சு?

பதில்: அவரே வெச்சுக்கிட்டது. அச்சுக்கூடத்துல புரூஃப் திருத்தறவருக்கு கரெக்டர்னு தான் பேர், அதையே ஊரோட பழக்கத்தைத் திருத்தறவன்ங்கற அர்த்தத்துலயும் எடுத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை கடை திறக்கறவங்க, தெருவுல கெட்ட வார்த்தை பேசறவங்க, யாரா இருந்தாலும் நின்னு புத்தி சொல்லுவார். கைல எப்பவும் ஒரு ஸ்பாஞ்ச் வெச்சிருப்பார், சுவத்துல அசிங்கமா எழுதியிருந்தா அழிச்சுடுவார். அந்தக் காலத்துல ஜான் வில்க்ஸ்னு ஒரு அரசியல்வாதி, அவர் பத்திரிகையோட 45ஆம் இதழ்ல அரசரைத் தாக்கி எழுதி பெரிய ரகளை ஆச்சு, வில்க்ஸ் ஆதரவாளர்கள் லண்டன் சுவர் எல்லாம் 45ன்னு எழுதி வெச்சாங்க, குரூடன் ராஜ விசுவாசி, ஒவ்வொரு 45ஐயும் தேடித் தேடித் துடைச்சார்.

இதை மட்டும் எழுதி நிறுத்திடறாங்க. ரிச்சர்ட் பாட்டர் விஷயத்தை விட்டுடறாங்க. 1762ல எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மாலுமி, போலி உயிலை உண்மைன்னு காட்டினதா கேஸ், தூக்கு தண்டனை. குரூடன் நியூகேட் ஜெயிலுக்குப் போய் தினமும் அவனோட உட்கார்ந்து ஜெபம் பண்ணி, வேதம் சொல்லிக் கொடுத்து, ஒரு பக்கம் மனு மேல மனுவா எழுதி, கடைசில தூக்கு ரத்தாகி நாடு கடத்தலா மாறுச்சு. அதுக்கப்புறமும் ஜெயிலை விடல. கைதிகளுக்கு புதிய ஏற்பாடு வாங்கிக் கொடுத்து, கேள்வி கேட்டு பதில் சொன்னவங்களுக்குப் பரிசும் கொடுத்திருக்கார், இவர் போனதும் அந்தப் புத்தகங்களை வித்து சாராயம் குடிச்சுட்டாங்க. தெருவுல கெட்டுப் போய் நின்ன ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து வீட்டு வேலை கொடுத்தார், இவர் இறக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்க தான் இருந்துச்சு.

கேள்வி: கல்யாணம் ஆச்சா? எப்போ இறந்தார்?

பதில்: கடைசி வரைக்கும் ஆகல. 1770 நவம்பர் 1, லண்டன் இஸ்லிங்டன்ல வாடகை அறைல. வேலைக்காரம்மா காலைல போய்ப் பார்த்தப்ப முழங்கால்ல நின்ன மேனிக்கு இறந்து போயிருந்தார். அபெர்டீன்ல தான் படிச்ச காலேஜுக்கு ஏழை மாணவர் உதவித்தொகைக்கு பணம் எழுதி வெச்சிருந்தார்.

கேள்வி: புத்தகத்துல அவருக்கு காசே வரலையா? எங்க வீட்ல ஒரு பழைய குரூடன் இருக்கு, எந்தப் பதிப்புன்னு எப்படிப் பார்க்கறது?

பதில்: முதல் பதிப்புல நஷ்டம். ரெண்டாம் பதிப்பு 1761ல வந்துச்சு, அதை மூணாம் ஜார்ஜ் மன்னருக்கு சமர்ப்பணம் பண்ணி நேர்லயே கொடுத்தார். மூணாவது 1769. இந்த ரெண்டுலயும் சேர்த்து 800 பவுண்டு கிடைச்சதா சொல்வாங்க, அதுல தான் கடைசிக் காலம் ஓடுச்சு, தர்மமும் நடந்துச்சு. 1769 பதிப்பு தான் அவரே உட்கார்ந்து திருத்தின கடைசிப் பதிப்பு.

உங்க புத்தகத்துல தலைப்புப் பக்கம் இருந்தா வருஷம் அதுலயே இருக்கும். நம்ம வீடுகள்ல கிடைக்கறது பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டு மறுபதிப்பு தான், அதனால பெரிய விலை வரும்னு எதிர்பார்க்காதீங்க. நான் முதல்ல பார்க்கறது வார்த்தைகளுக்கு மேல அந்த விளக்கக் கட்டுரைகள் இருக்கான்னு தான். இருந்தா பத்திரமா வெச்சுக்கங்க.

கேள்வி: ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ் இருக்கும்போது குரூடன் எதுக்கு? போன்லயே தேடிக்கலாமே?

பதில்: மூல பாஷை வேணும்னா ஸ்ட்ராங்ஸ் தான், சந்தேகமே இல்ல. 1890ல ஜேம்ஸ் ஸ்ட்ராங், நூறு பேருக்கு மேல உதவி பண்ண, எபிரெய வார்த்தை 8,674க்கும் அதே மாதிரி கிரேக்க வார்த்தைகளுக்கும் நம்பர் போட்டு வெச்சார், கிரேக்கம் தெரியாதவங்களும் அந்த நம்பரைப் பிடிச்சு மூலத்துக்குப் போயிடலாம். எடின்பரோல ராபர்ட் யங் 1879ல போட்டதும் நல்ல புத்தகம். வசனம் எங்க இருக்குன்னு மட்டும் வேணும்னா போன் போதும்.

ஆனா ஒரு விஷயத்தைப் பத்தி யோசிச்சுப் படிக்கணும்னா நான் இன்னும் குரூடனைத் தான் எடுக்கறேன். போன் "ஃபியர்"னு போட்டா வந்த வரிசைல எல்லாத்தையும் கொட்டும். குரூடன் பிரிச்சு வெச்சிருப்பார், எது எதோட சேரும்னு ஒரு ஆள் யோசிச்சு வெச்சது.

கேள்வி: தமிழ் பைபிளுக்கு இதே மாதிரி பண்றது சுலபமா கஷ்டமா? போன்ல தமிழ்ல தேடினா பாதி வசனம் வரவே மாட்டேங்குதே?

பதில்: தமிழ்ல இன்னும் கஷ்டம். நம்ம ஒத்தவாக்கிய அகராதி தொகுத்தவங்களை நாம போதுமான அளவு கொண்டாடலைன்னு எனக்கு வருத்தம் உண்டு. இங்கிலீஷ்ல "ஷெப்பர்ட்" எங்க வந்தாலும் ஷெப்பர்ட் தான், மிஞ்சிப்போனா ஒரு எஸ் சேரும். தமிழ்ல 23ஆம் சங்கீதத்தைப் பாருங்க, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". இந்த முழு நீள வார்த்தையை எங்க வெக்கறது? மேய்ப்பர்னு தலைப்புக்குக் கீழ கொண்டு வரணும், அதே தலைப்புல மேய்ப்பன், மேய்ப்பர்கள், மேய்ப்பனை எல்லாம் சேரணுமா தனியாவா? பயம்னு எடுத்தா பயந்து, பயத்தினால், பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படுகிறவர்கள், இத்தனை உருவம். தொகுக்கறவர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிவு எடுத்து கடைசி வரைக்கும் மாறாம அதுலயே நிக்கணும், நடுவுல மாத்தினா புத்தகமே குழம்பிடும்.

போன்ல வராததுக்கும் இதே தான் காரணம். "ஆடு"ன்னு தேடினா "ஆடுகள்" வரும், "ஆட்டை"யும் "ஆட்டுக்குட்டி"யும் வராது, ஏன்னா டு போய் ட்டு ஆயிடுச்சு. அதனால முழு வார்த்தையை அடிக்காதீங்க, மாறாத பகுதியை மட்டும் அடிங்க. மேய்ப்பன்னு அடிக்கறதுக்குப் பதிலா "மேய்ப்ப"ன்னு மட்டும். ஆட்டுக்கு மூணு தடவை தேடணும், "ஆடு" ஒரு தடவை, "ஆட்டு" ஒரு தடவை, "ஆட்டை"க்கு இன்னொண்ணு. வசனத்துல ஒரு அபூர்வமான வார்த்தை ஞாபகம் இருந்தா அதைப் போடுங்க, "இளைப்பாறு"ன்னு தேடினீங்கன்னா மேல சொன்ன மத்தேயு வசனம் கொஞ்ச நேரத்துல கண்ல பட்டுடும்.